நாற்பத்தெட்டு டாலர் காடு

"சனிக்கிழமை நானும் உன்கூட வர்றேன்" என்று நெல்டா சொன்னபோது டாயலின் வாயில் பாதி மென்ற சோளரொட்டி இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"எங்க?"

"எங்கேயா? வேட்டைக்குத்தான். மான் சீசன் ஆரம்பிக்குதுல்ல."

"உனக்குத் துப்பாக்கிச் சத்தம் ஆகாதே."

"காதுல பஞ்சு வெச்சுக்கறேன்."

"குளிரும்."

"கோட்டு இருக்கு."

"கழிப்பறை கிடையாது நெல்டா. அது காடு."

"நான் பண்ணையில பொறந்தவ. கழிப்பறையை மொதமொதல்ல பாத்தப்ப எனக்கு ஏழு வயசு." நெல்டா கைப்பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். "பெர்மிட்கூட வாங்கிட்டேன் பாரு. சுடாம சும்மா கூட வர்றவங்களுக்குப் பன்னிரண்டு டாலர்தானாம். உனக்கு நாப்பத்தெட்டு, எனக்குப் பன்னிரண்டு. அறுபது டாலருக்கு ஒரு காடே நம்மளுது. என் தங்கச்சி வீட்டுக்காரன் மூவாயிரத்து ஐநூறு குடுத்துக் குத்தகை எடுத்திருக்கான். அவ அழுது அழுது கண்ணு வீங்கிப் போயிருக்கா."

டாயல் தண்ணீரைக் குடித்தான். ரொட்டி இறங்கியது.

மெர்டோ ஊரின் பள்ளிப் பேருந்துப் பணிமனையில் டாயல் பிக்கெட் மெக்கானிக். வயது ஐம்பத்து மூன்று. குடிப்பதில்லை, சூதாடுவதில்லை, மனைவியிடம் பொய் சொல்வதில்லை. ஒரே ஒரு பொய்யைத் தவிர. அந்த ஒன்றை மூன்று வருடங்களாக வளர்த்து வந்தான்.

ஆற்றங்கரைப் பொது நிலத்தில் வருடம் நாற்பத்தெட்டு டாலர் பெர்மிட்டில் அவன் வேட்டையாடுகிறான் என்று நெல்டா நம்பிக்கொண்டிருந்தாள். நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. புதன்கிழமைதோறும் சர்ச்சில் நடக்கும் சாப்பாட்டுக் கூட்டத்தில், தன் தங்கை வில்டா மூக்கைச் சிந்தும்போதெல்லாம், "எங்க டாயல் அப்படியில்ல. ஊரே காசைக் கொட்டுது, அவரு நாப்பத்தெட்டு டாலரோட நிம்மதியா இருக்காரு" என்று பதினான்கு பெண்களுக்கு நடுவில் சொல்லி வந்தாள். அது போதகர் காதுக்குப் போனது. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனநிறைவைப் பற்றிப் பிரசங்கம் செய்தபோது, "நம் சபையிலேயே ஒரு மனிதர் இருக்கிறார்" என்று ஆரம்பித்தார். டாயலின் காது இரண்டும் அன்றைக்குச் சுட்டது போல் வாழ்க்கையில் என்றைக்கும் சுட்டதில்லை.

நிஜத்தில் அவன் வேட்டையாடியது ராய்ஸ் டாக்கெட்டின் தனியார் நிலத்தில்.

பொது நிலத்துக்கு டாயல் போகாதவன் இல்லை. வருடக்கணக்காகப் போனவன்தான். கடைசியாகப் போன அன்று, விடிவதற்கு முன்னால் மரத்தில் ஏறி உட்கார்ந்தான். விடிந்ததும் சுற்றிப் பார்த்தான். வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுத் தொப்பிகள் பதினொன்று தெரிந்தன. ஒரு தொப்பி அடுப்பு மூட்டி சாசேஜ் வறுத்துக்கொண்டிருந்தது. மானே வரவில்லை. ஆனாலும் யாரோ சுட்டார்கள். டாயலின் காபிக் குடுவையில் ஓட்டை விழுந்தது.

அடுத்த வாரம் டயர் கடையில் ராய்ஸைச் சந்தித்தான். "ஆத்து வளைவுல நூத்திருபது ஏக்கர். வேலி, கேட், பூட்டு எல்லாம் இருக்கு. மொத்தமே நாலு பேருக்குத்தான் விடறேன். ஆளுக்கு ஒரு மூலை, ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாக்கவே வேண்டாம்" என்றான் ராய்ஸ். அந்தக் கடைசி வாக்கியத்தில் டாயல் விழுந்துவிட்டான். இருவரும் கை குலுக்கினார்கள். எங்கள் பக்கத்தில் கை குலுக்கிய பிறகு பத்திரம் எங்கே என்று கேட்பது, அவனுடைய அம்மாவின் நடத்தையைப் பற்றி விசாரிப்பதற்குச் சமம். டாயல் கேட்கவில்லை.

முதல் வருடம் ஆயிரத்து நானூறு. மறு வருடம் இரண்டாயிரம். இந்த வருடம் இரண்டாயிரத்து அறுநூறு. எல்லாம் சனிக்கிழமை ஓவர்டைம் பணம். ஓவர்டைமையே நிறுத்திவிட்டார்கள் என்று வீட்டில் சொல்லியிருந்தான். சமையலறைத் தரைவிரிப்பு மூலையில் பெயர்ந்து நெல்டாவின் காலைத் தடுக்கிக்கொண்டே இருந்தது. "ஓவர்டைம் திரும்ப வரட்டும், அப்புறம் மாத்திக்கலாம்" என்று அவள் அந்த மூலையில் ஒரு செங்கல்லை வைத்திருந்தாள். தினமும் காலையில் காபி எடுக்கப் போகும்போது டாயல் அந்தச் செங்கல்லைப் பார்க்காமல் தாண்டிப் போவான்.

இப்போது என்ன செய்வது?

நெல்டாவை உண்மையான பொது நிலத்துக்கே கூட்டிப் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தான்.

"அந்தச் சாஞ்ச மரத்தடியில உக்காரணும்" என்றாள் நெல்டா. "அதுக்காகத்தான் வர்றேன்."

அந்த யோசனை அங்கேயே செத்தது. குத்தகை நிலத்தில் ஆற்றுக்குள் சாய்ந்து நிற்கும் ஒரு சைப்ரஸ் மரம் உண்டு. முதல் வருடம் ஏதோ சந்தோஷத்தில் அதைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பியிருந்தான். அவள் அதைக் காலண்டராக அச்சடித்து பதினான்கு பெண்களுக்கும் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுத்தாள். மெர்டோவில் பதினைந்து சமையலறைகளில் அந்த மரம் தொங்கிக்கொண்டிருந்தது.

"முப்பது வருஷமா உன்கூடக் குடும்பம் நடத்தறேன் டாயல். நவம்பர் மாசம் மட்டும் நீ எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியாது. ஒரு தடவை பாத்துடறேன்" என்றாள் அவள், தட்டை எடுத்துக்கொண்டே.

அவள் அதை அன்பாகச் சொன்னதுதான் கஷ்டம்.

*

வெள்ளிக்கிழமை மதியம் டாயல் அரைநாள் விடுப்பு எடுத்தான். முதலில் ராய்ஸுக்கு போன் செய்தான்.

"நாளைக்கு என் பொண்டாட்டி வர்றா. ஒரு நாள் மட்டும் அந்த இடம் பொது நிலம் மாதிரி இருக்கணும்."

ராய்ஸ் குரலைத் தாழ்த்தினான். "யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. அவகிட்ட நான் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

ராய்ஸ் பெருமூச்சு விட்டான். "அவ்வளவுதானா. பண்ணிக்கோ. ஆனா விருந்தாளி வந்தா இருநூறு டாலர்."

"பொண்டாட்டி எப்படிய்யா விருந்தாளியாவா?"

"குத்தகை போட்டது உன்கூடத்தானே, அவகூடவுமா? இருநூறு. டயர் கடையில குடுத்துட்டுப் போ."

டாயல் கொடுத்துவிட்டுப் போனான்.

நிலத்தின் கேட்டில் இருந்த எண் பூட்டையும் சங்கிலியையும் கழற்றிப் புதருக்குள் எறிந்தான். 'தனியார் நிலம், உள்ளே வராதே' என்ற பலகையைப் பிடுங்கி வண்டியில் போட்டான். அடுத்தது மரங்கள். எங்கள் ஊரில் மரத்தில் ஊதா நிறத்தில் பட்டை அடித்திருந்தால் அத்துமீறி நுழையாதே என்று அர்த்தம். சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆற்று வளைவு நெடுக ராய்ஸ் நாற்பது மரங்களுக்கு ஊதா அடித்து வைத்திருந்தான்.

டாயலிடம் இருந்தது பேருந்து பம்பருக்கு அடிக்கும் கறுப்பு பெயின்ட். ஊதாவின் மேல் கறுப்பை அடித்தான். இருபது மரம் முடிந்ததும் தள்ளி நின்று பார்த்தான். காடு முழுக்கத் துக்கப் பட்டை கட்டிக்கொண்டு யாருடைய சவ ஊர்வலத்துக்கோ காத்திருப்பது போல் இருந்தது. பாதியில் நிறுத்தினால் இன்னும் மோசம் என்று மீதி இருபதையும் அடித்தான்.

பிறகு தீனிப் பீப்பாய். மூன்று கால்களில் நிற்கும் பெரிய தகரப் பீப்பாய். உள்ளே மக்காச்சோளம், அடியில் ஒரு மோட்டார், கடிகாரம் வைத்தபடி காலையும் மாலையும் சோளத்தைத் தூவும். மான்கள் வந்து தின்னும். தனியார் நிலத்தில் இதில்லாமல் யாரும் வேட்டையாடுவதில்லை. பொது நிலத்தில் கூடவே கூடாது. தூக்கி மறைக்கலாம் என்று கட்டிப் பிடித்தான். பீப்பாய் அசையவில்லை, இடுப்பு அசைந்தது. சரி, மோட்டாரை நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடி, மேலே பைன் கிளைகளைச் செருகிவிடலாம் என்று குனிந்தான். கண்ணாடியைப் பணிமனையில் விட்டுவிட்டு வந்திருந்தான். சின்னத் திரையில் எறும்பு போல எழுத்துக்கள். எது நிறுத்தம் என்று தெரியவில்லை. இருந்த பட்டன்களில் பெரியதை இரண்டு தரம் அழுத்தினான். ஒரு பச்சை விளக்கு எரிந்தது. பச்சை என்றால் நல்லதுதான் என்று முடிவு செய்தான்.

கடைசியில் பரண். தரையிலிருந்து பத்தடி உயரத்தில் மரப்பெட்டி போன்ற அறை, ஏணி, ஜன்னல், கம்பளம், நாற்காலி. மூன்று வருடம் பார்த்துப் பார்த்துக் கட்டியது. இடிக்க மனம் வரவில்லை. குளிர்காயும் அடுப்பையும் தன் பெயர் எழுதிய கோப்பையையும் மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினான்.

*

சனிக்கிழமை ஏழு மணிக்கு அவர்களுடைய வண்டி கேட்டைத் தாண்டியது. நெல்டா ஆரஞ்சு மேல்சட்டையும் ஆரஞ்சுத் தொப்பியும் அணிந்து, மடியில் முட்டை சாண்ட்விச் பொட்டலத்துடன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். டாயலுக்கும் ஒரு ஜோடி வாங்கியிருந்தாள்.

"பொது நிலத்துல எல்லாரும் ஆரஞ்சு போட்டே ஆகணுமாமே. கடைக்காரர் சொன்னாரு. உன்னோடது எங்கே? துவைக்கப் போட்டு நான் பாத்ததே இல்ல."

"வண்டிலயே வெச்சிருப்பேன்."

"மூணு வருஷமா துவைக்கலையா?"

"சோப்பு வாசனை மானுக்குத் தெரிஞ்சிடும்."

நெல்டா மூக்கைச் சுளித்தாள். பிறகு பெர்மிட்டோடு கொடுத்த சின்னப் புத்தகத்தை எடுத்து விரித்தாள். டாயலுக்குத் திக்கென்றது. புத்தகம் இருக்கும் என்று அவன் நினைக்கவே இல்லை.

"ராத்திரி பூரா படிச்சிட்டேன்" என்றாள். "வரைபடம்கூட இருக்கு. இதோ, இந்தப் பச்சைக்குள்ளதான் இப்ப இருக்கோம்."

ஒரு தடவை நெல்டா வரைபடம் பார்த்து வழி சொல்லி, தம்பி கல்யாணத்துக்குப் புறப்பட்டவர்கள் லூசியானாவில் ஒரு முதலைப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். டாயல் எட்டிக்கூடப் பார்க்காமல், "கரெக்டா சொன்னே" என்றான். அவளுக்கு வரைபடம் பார்க்கத் தெரியாததற்கு மனதுக்குள் நன்றி சொன்னான்.

வண்டியை நிறுத்திவிட்டு நடந்தார்கள். இருபதடி போயிருப்பார்கள்.

"டாயல், மரத்துக்கெல்லாம் என்ன ஆச்சு?"

"எந்த மரத்துக்கு?"

"எல்லாத்துக்கும். கறுப்பா பட்டை போட்டிருக்கு."

இதற்கு வெள்ளிக்கிழமையே பதில் தயார் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. "அது... வெட்டறதுக்கு அடையாளம் வெச்சிருக்காங்க. அரசாங்கம்."

"இத்தனையுமா?"

"ஆமா, பாவம்."

நெல்டா நின்றுவிட்டாள். ஒவ்வொரு மரமாக எண்ண ஆரம்பித்தாள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று போய் நாற்பதாவதில் அவள் குரல் உடைந்தது. நாற்பதாவது, ஆற்றுக்குள் சாய்ந்து நிற்கும் சைப்ரஸ்.

"என் காலண்டர் மரம்" என்றாள்.

டாயலுக்குத் தன்னையே ஒரு உதை உதைக்கலாம் போலிருந்தது. "வெட்டுவாங்கன்னு நிச்சயமில்ல. சும்மா எண்ணி வெச்சிருப்பாங்க."

"எண்ணறதுக்கு எதுக்குக் கறுப்பு?" அவள் மரத்தைத் தடவினாள். விரலில் ஒட்டியது. "இன்னும் காயலை. நேத்துதான் வந்திருக்காங்க படுபாவிங்க."

அப்போது புதருக்குள்ளிருந்து கிர்ர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. தொடர்ந்து தார்ப்பாய்க்குள் ஆலங்கட்டி மழை பெய்வது போல் படபடவென்று ஓசை. பைன் கிளைகள் குலுங்கின.

"என்ன அது?"

"மரங்கொத்தி."

புதரின் அடியிலிருந்து மஞ்சள் மஞ்சளாகச் சோளம் உருண்டு வந்து நெல்டாவின் பூட்ஸ் அருகில் நின்றது.

"மரங்கொத்தி சோளம் துப்புமா?"

டாயல் கையால் நெற்றியைத் துடைத்தான். குளிரில் வியர்த்துக்கொண்டிருந்தது. "எவனோ அயோக்கியன் இங்க தீனிப் பீப்பாயை ஒளிச்சு வெச்சிருக்கான். பொது நிலத்துல இதெல்லாம் தப்பு."

"தெரியும். பக்கம் பதினொண்ணு." நெல்டாவின் முகம் மாறியது. சர்ச்சில் காணிக்கைப் பெட்டி குறைந்தால் அவளுக்கு வரும் முகம் அது. "நாப்பத்தெட்டு டாலர் குடுத்து நியாயமா வர்ற மனுஷன் நீ ஒரு பக்கம். சோளத்தைக் கொட்டி ஏமாத்தற திருடன் ஒரு பக்கம். பின்னட்டையில வேட்டைக் காவல் நம்பர் இருக்கு. கூப்பிடறேன்."

"இங்க சிக்னல் கிடையாது நெல்டா."

"மேட்டுமேல ஏறினா கிடைக்கும்."

"ஓய்வு நாள். யாரும் எடுக்க மாட்டாங்க."

அவள் ஏறினாள். சிக்னல் கிடைத்தது. எடுத்தார்கள். கீழே நின்று டாயல் கேட்டுக்கொண்டிருந்தான்: ஆற்று வளைவு, சாய்ந்த சைப்ரஸ், நாற்பது மரங்கள், ஒரு பீப்பாய், ஒரு அயோக்கியன்.

கிர்ர்ர் என்றது புதர். பெரிய பட்டனை இரண்டு தரம் அழுத்தினால் என்ன ஆகும் என்று இப்போது புரிந்தது. ஒரு நாளைக்கு இரண்டு முறை தூவ வேண்டியது, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தூவிக்கொண்டிருந்தது.

நெல்டா இறங்கி வந்தாள். "அவங்க யாரும் மரத்துக்குப் பெயின்ட் அடிக்கலையாம். ஆளு பக்கத்துலதான் சுத்திட்டிருக்காங்களாம், அரை மணியில வந்துடுவாங்களாம்."

"அரை மணி நேரமா?" டாயலின் குரல் பூனைக்குட்டி குரல் மாதிரி வந்தது. "நாம வேணா வீட்டுக்குப் போயிடலாம். எனக்கு வயிறு சரியில்ல."

"சாட்சி சொல்லாம எப்படிப் போறது? வா, எங்கயாவது உக்காருவோம். அட, அது என்ன?"

அவள் பரணைப் பார்த்துவிட்டாள். டாயல் வாயைத் திறப்பதற்குள் பாதி ஏணி ஏறியிருந்தாள்.

"கம்பளம் போட்டிருக்கு" என்ற குரல் மேலிருந்து வந்தது. "ஜன்னல்ல திரைகூட இருக்கு. யார் கட்டினது?"

"அரசாங்கம். வயசானவங்களுக்காக."

"நாப்பத்தெட்டு டாலருக்கு இதுவுமா?" நெல்டாவின் குரலில் தேசபக்தி ஏறியது. "அடுத்த சனிக்கிழமை சர்ச்சுப் பொம்பளைங்க எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன். ஆளுக்குப் பன்னிரண்டு டாலர்தானே. வில்டா கண்டிப்பா பாக்கணும் இதை."

டாயல் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டான். விருந்தாளிக்கு இருநூறு. பதினான்கு விருந்தாளிகள். மனம் தானாகவே பெருக்கத் தொடங்கியது. அவன் அதை நிறுத்தினான்.

மேலே எதையோ தூக்கித் தட்டும் சத்தம் கேட்டது.

"டாயல் வெய்ன் பிக்கெட்."

முழுப் பெயரையும் சொல்லி நெல்டா அவனைக் கூப்பிட்டது கல்யாணத்தன்றும், வீட்டுக் கூரையிலிருந்து அவன் விழுந்த அன்றும் மட்டும்தான்.

"இங்க நம்ம சோபா மெத்தை இருக்கு."

டாயல் கண்ணை மூடினான். நாற்காலிமேல் போட்டிருந்த மெத்தை. கோப்பை ஞாபகம் இருந்தது, அடுப்பு ஞாபகம் இருந்தது.

"ரெண்டு வருஷமா தேடறேன். நாய் இழுத்துட்டுப் போச்சுன்னு சொன்னே. நாயைத் திட்டினேன். அது ஒரு வாரம் சாப்பிடல."

"நான்தான்... நன்கொடையா குடுத்தேன். இங்க வர்ற வயசானவங்க மரப்பலகையில உக்காந்திருந்தாங்க. வெளிய சொல்லிக்க வேண்டாம்னு..."

ஜன்னலில் நெல்டாவின் தலை தெரிந்தது. அவள் கண் கலங்கியிருந்தது.

"உன்னைப் போய் நான் சந்தேகப்பட்டேனே" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

*

வேட்டைக் காவல் அதிகாரி ஒரு பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சட்டையில் டுப்ரீ என்று பெயர் தைத்திருந்தது. பச்சை வண்டியிலிருந்து இறங்கி, திறந்து கிடந்த கேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நிதானமாக நடந்து வந்தார்.

"வணக்கம் மேடம். நீங்கதான் கூப்பிட்டீங்களா?"

நெல்டா கொட்டித் தீர்த்தாள். மரங்கள், பீப்பாய், பக்கம் பதினொன்று. நடுவில் நன்றியும் சொன்னாள். "ஆனா பரண் ரொம்ப நல்லா கட்டியிருக்கீங்க. மெத்தைகூட என் வீட்டுக்காரர் குடுத்ததுதான். அவருக்குப் பொது நிலம்னா உயிரு."

டுப்ரீ பரணைப் பார்த்தார். டாயலைப் பார்த்தார். சின்ன நோட்டில் ஏதோ எழுதினார்.

"பெர்மிட் காட்டுங்க மேடம்."

நெல்டா பன்னிரண்டு டாலர் காகிதத்தைப் பெருமையோடு நீட்டினாள்.

"நல்லது. சார், உங்களோடது?"

டாயல் வேட்டை லைசென்ஸைக் கொடுத்தான்.

"இது லைசென்ஸ் சார். மேடம் காட்டினாங்களே, அந்த மாதிரி பெர்மிட்."

"நாப்பத்தெட்டு டாலருது டாயல்" என்று ஞாபகப்படுத்தினாள் நெல்டா. "பர்ஸ்லதான் வெச்சிருப்பாரு. மூணு வருஷமா வாங்கறாரு."

டாயல் பர்ஸைத் துழாவினான். பல் டாக்டர் அட்டை வந்தது. எண்ணெய் மாற்றத் தள்ளுபடிச் சீட்டு வந்தது. நெல்டாவின் பழைய படம் ஒன்று வந்தது. அதை அவசரமாக உள்ளே தள்ளினான்.

கிர்ர்ர் என்றது புதர். டுப்ரீ போய்த் தார்ப்பாயைத் தூக்கினார். சோளம் அவர் தொப்பியில் படபடவென்று அடித்தது. அவர் அசையாமல் நின்று, பீப்பாயின் பக்கவாட்டில் இருந்ததை வாய்விட்டுப் படித்தார். "மெர்டோ பள்ளிப் பேருந்துப் பணிமனை. கழிவு எண்ணெய்." திரும்பினார். "சார் எங்க வேலை பாக்கறீங்க?"

"பஸ்... பஸ் பக்கம்."

"நகத்துல என்ன கறுப்பா?"

டாயல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். நெல்டா தன் விரலைப் பார்த்தாள். அதே கறுப்பு. பிறகு அவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் பெருமை இருந்த இடத்தில் ஒரு கேள்வி மெதுவாக வந்து உட்கார்ந்தது.

டுப்ரீ விரல் விட்டு எண்ணினார். கோபமில்லை, மளிகைக் கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். "பெர்மிட் இல்லாம வேட்டை. தீனி. நிரந்தரப் பரண். மரத்துல பெயின்ட். நாலும் தனித்தனிக் குற்றம் சார். துப்பாக்கியை நான் எடுத்துக்க வேண்டியிருக்கும். லைசென்ஸும் போகலாம். கோர்ட்டுக்கும் வரணும்."

டாயலின் தலைக்குள் ஏதோ நின்றது, பிறகு ஓடியது. பொது நிலத்தில்தான் இந்த நாலும் குற்றம். தனியார் நிலத்தில் ஒன்றுகூடக் குற்றமில்லை. பீப்பாய் வைக்கலாம், பரண் கட்டலாம், மரத்துக்குப் பெயின்ட் அடிக்கலாம், பெர்மிட்டே வேண்டாம். கோர்ட், போலீஸ், ஊர்ப் பத்திரிகை எதிலிருந்தும் தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. அந்த வழியின் குறுக்கே, மூன்றடி தள்ளி, ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு நெல்டா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மேடம்" என்றான் டுப்ரீயிடம். கண்கள் நெல்டாவின் மேல் இருந்தன. "இது பொது நிலம் இல்ல."

டுப்ரீ மறுபடியும் பேனாவை எடுத்தார்.

"குத்தகை நிலம். தனியார். ராய்ஸ் டாக்கெட்டுன்னு ஒருத்தரோடது. மூணு வருஷமா குடுத்திட்டிருக்கேன். இவகிட்ட பொது நிலம்னு பொய் சொன்னேன். பீப்பாய் என்னோடது, பணிமனையில தூக்கிப் போட்டது. பரணும் நான் கட்டினது. மரம் ஊதாவா இருந்துச்சு, இவளுக்குத் தெரியக் கூடாதுன்னு நேத்து கறுப்பு அடிச்சேன். ஓவர்டைம் நிக்கல நெல்டா. நிக்கவே இல்ல. நாய் எதையும் இழுத்துட்டுப் போகல."

மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவனுக்கு மூச்சு முழுசாக உள்ளே போய் வெளியே வந்தது.

நெல்டா தொப்பியைக் கழற்றினாள். "எவ்வளவு?"

"முதல் வருஷம் ஆயிரத்து நானூறு..."

"மொத்தம்."

"ஆறாயிரத்து இருநூறு."

"அந்த இருநூறு எதுக்கு?"

"நீ வந்ததுக்கு."

நெல்டா சாய்ந்த மரத்தின் அடியில் போய் உட்கார்ந்தாள். ஆசைப்பட்ட இடம்தான். ஒரு சோளத்தைப் பொறுக்கி ஆற்றில் எறிந்தாள். "காசு போனா போகுது" என்றாள். "பதினாலு பேர்கிட்ட சொன்னேன் டாயல். வில்டா அழும்போதெல்லாம் சொன்னேன். எங்க டாயல் அப்படியில்லன்னு. இனிமே நான் எந்த மூஞ்சியோட அவகூட உக்காந்து சாப்பிடுவேன்? நான் சொன்னதெல்லாம் பொய்யா போச்சே."

டாயல் அவள் அருகில் போக இரண்டடி வைத்தான், பிறகு அங்கேயே நின்றான். தொப்பியைக் கையில் பிசைந்தபடி அதிகாரியின் பக்கம் திரும்பினான். போனது போயிற்று, கோர்ட்டாவது இல்லாமல் போகட்டும்.

"உண்மையைச் சொல்லிட்டேன் மேடம். தனியார் நிலம்னா என்மேல கேஸ் இல்லதானே?"

டுப்ரீ நோட்டை மூடினார். தொப்பியின் விளிம்பில் நின்ற ஒரு சோளத்தைத் தட்டிவிட்டார். முதலில் மரத்தடியில் இருந்தவளையும் பிறகு அவனையும் பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

"சார், ராய்ஸுக்கு இங்க ஒரு அடி நிலம்கூடக் கிடையாது. மூணு வருஷமா நீங்க மேடம்கிட்ட சொன்னதுதான் உண்மை, இது பொது நிலம்தான்."